கையில் போட்ட ஊசி ஏன் இரண்டு நாள் கழித்துத் தடிக்கிறது? மான்டூ பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வளவுக்கு அடுத்த வீட்டுப் பெரியவருக்கு விடாத இருமல். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்ததும், அவரோடு நெருங்கிப் பழகியவர்கள் எல்லோரையும் மார்பு நோய் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். இரண்டு வீட்டிலும் சேர்த்து ஒன்பது பேர் போனோம். என் மூத்த மகளும் அதில் ஒருத்தி. அந்த வீட்டுத் திண்ணையில் விளையாடி வளர்ந்தவள் அவள். பிள்ளைகளுக்கு முன்கையில் ஒரு சின்ன ஊசி போட்டு, மூன்றாம் நாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு களுவாஞ்சிக்குடியில் என்னைக் காணும் எல்லோரும் அந்த ஊசியைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன், வைத்தியன் இல்லை. மருந்து, சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் டொக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் அந்த ஊசி போட்ட இடத்தில் தோலுக்குள் நடப்பது என்ன என்பதை எல்லோருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லமுடியும் என்று நம்புகிறேன்.

மான்டூ என்றால் என்ன? ஊசிக்குள் இருப்பது என்ன?

பெயரைக் கேட்டதும் நம் பக்கத்தவர்களுக்கு மண்டூர் என்ற ஊர் நினைவுக்கு வருவது இயல்பு. இது ஷார்ல் மான்டூ என்ற பிரெஞ்சு வைத்தியரின் பெயர். 1908 இல் தோலுக்குள்ளேயே ஊசி ஏற்றும் இந்த முறையை அவர் வெளியிட்டார்.

ஊசிக்குள் இருப்பது ரியூபர்குலின். காசநோய்ப் பற்றீரியாவை வளர்த்து, சூடாக்கிக் கொன்று, வடித்து, அதிலிருந்து பிரித்தெடுத்த புரதங்களின் கலவை அது. 1882 மார்ச் 24 இல் இந்தப் பற்றீரியாவைக் கண்டுபிடித்ததாக அறிவித்த ரொபேர்ட் கோக்தான் 1890 இல் ரியூபர்குலினையும் கொண்டுவந்தார். காசநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று நம்பி நோயாளிகளுக்கு ஏற்றினார். குணமாகவில்லை. பலருக்குக் கடும் காய்ச்சல் வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். ஆனால் காசநோய் உள்ளவரின் உடம்பு இந்தத் திரவத்துக்கு ஒரு மாதிரியும் இல்லாதவரின் உடம்பு வேறு மாதிரியும் நடந்துகொள்வதை எல்லோரும் கவனித்தார்கள். 1907 இல் வியன்னாவில் கிளெமென்ஸ் வொன் பிர்கே பிள்ளைகளின் தோலில் லேசாகக் கீறி, அதில் ரியூபர்குலினை இட்டுப் பார்த்தார். அடுத்த வருடம் மான்டூ. 1930களில் அமெரிக்காவில் புளோரன்ஸ் சைபேர்ட் என்ற பெண் விஞ்ஞானி அதைச் சுத்தமான புரதமாகப் பிரித்தெடுத்தார். மருந்தாகத் தோற்றுப்போன ஒரு பொருள் நூறு வருடத்துக்கு மேலாகப் பரிசோதனையாக நின்று உழைக்கிறது.

இந்த ஊசியால் காசநோய் தொற்றுமா?

தொற்றாது. உயிருள்ள பற்றீரியா அதில் ஒன்றும் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும்கூடப் போடலாம்.

ஊசி போட்டவுடன் எழும்பிய வீக்கம் கொஞ்ச நேரத்திலேயே வற்றிவிட்டது. ஊசி பிழைத்துவிட்டதா?

இல்லை, அது அப்படித்தான் வற்றவேண்டும். 0.1 மில்லிலீற்றர் திரவத்தைத் தோலுக்குள்ளேயே சரியாக ஏற்றினால் 6 முதல் 10 மில்லிமீற்றர் அகலத்துக்கு வெளிறிய ஒரு மேடு எழும்பும். மேலே தோடம்பழத் தோல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அந்த மேடு வந்தால் ஊசி சரியான ஆழத்தில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேடே வராவிட்டால் திரவம் தோலுக்குக் கீழே போயிருக்கலாம். அப்போது வேறு இடத்தில் திரும்பப் போடுவார்கள். அந்த முதல் மேடு வெறும் திரவம், உங்கள் உடம்பு கொடுக்கும் பதில் இல்லை.

சரி, பதில் வர ஏன் இரண்டு மூன்று நாள் ஆகிறது? குளவி கொட்டினால் உடனே வீங்குகிறதே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்கு யானைக் கதை சொல்லத் தேவையில்லை. ஒரு தடவை வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், யானை இறங்கி வேளாண்மையை மிதித்த ஊரில், மறு போகத்தில் வரம்போரம் ஒரு கால்தடம் தெரிந்தாலே போதும். முதலில் கண்டவர் மற்றவருக்குச் சொல்வார், வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானைக்குச் செய்தி போகும், பரணில் ஆள் ஏறும், இருட்டும்போது பந்தமும் யானைவெடியுமாக ஊரே வரம்பில் நிற்கும். யானை வந்திருக்கவேண்டும் என்றில்லை, தடம் போதும். யானையையே காணாத ஊரில் அந்தத் தடத்தை யாரும் குனிந்தும் பார்க்கமாட்டார்கள்.

ரியூபர்குலின் அந்தக் கால்தடம். உடம்பு காசநோய்ப் பற்றீரியாவை முன்பு ஒரு தடவை சந்தித்திருந்தால், அதை அடையாளம் தெரிந்த ரி நிணநீர்க்குழியங்கள் என்ற வெண்குழியங்கள் ஞாபகக் கலங்களாக வருடக்கணக்கில் குருதியிலும் தோலிலும் சுற்றிக்கொண்டிருக்கும். அவை மிகச் சிலவே. எங்கோ சுற்றும் அந்தச் சிலருக்குச் செய்தி போய், அவர்கள் வந்து, மற்றவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் சேர நேரம் எடுக்கிறது.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஊசி இறங்கிய சில மணித்தியாலத்தில் நடுநிலைநாடிகள் என்ற வெண்குழியங்கள் வரும். அவை எந்தக் காயத்துக்கும் ஓடிவருகிறவை, காசநோய் என்று தெரிந்து வருவதில்லை. அதே வேளை தோலில் நிரந்தரமாக இருக்கும் பெருந்தின்குழியங்களும் கிளைகள் விரித்த கலங்களும் ரியூபர்குலின் புரதத்தை விழுங்கி, துண்டு துண்டாக்கி, ஒரு துண்டைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அந்த வழியால் போகும் ஞாபகக் கலம் ஒன்று அதைத் தொட்டுப் பார்த்து இனங்கண்டால், இன்டர்பெரோன் காமா போன்ற செய்திப் பொருட்களைச் சுரக்கத் தொடங்கும். அது பக்கத்திலுள்ள நுண்ணிய குருதிக்கலன்களின் உட்சுவரை மாற்றிவிடும். அதுவரை வழுக்கிக்கொண்டு ஓடிய வெண்குழியங்கள் அந்தச் சுவரில் ஒட்டி, நெருக்கியடித்து வெளியே வரும். அரை நாளுக்குள் குருதிக்கலன்களைச் சுற்றி நிணநீர்க்குழியங்களும் ஒற்றைக்குழியங்களும் உறை போட்டமாதிரிக் குவியத் தொடங்கும். அப்படி வந்து சேருகிறவற்றில் பெரும்பாலானவைக்குக் காசநோயைத் தெரியவே தெரியாது. கூப்பிட்ட குரலுக்கு வந்தவை அவை. கூப்பிட்டவை ஒரு சில.

இத்தனை கலங்களும், கலன்களிலிருந்து கசிந்த திரவமும், அந்தத் திரவத்தில் உறையும் பைப்ரின் என்ற புரத இழைகளும் சேர்ந்துதான் கைக்குக் கெட்டியாகப் படுகிற தடிப்பு. 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் அது உச்சத்துக்கு வரும். அதனால்தான் மூன்றாம் நாள் வரச் சொல்கிறார்கள்.

குளவிக் கொட்டு வேறு வகை. ஒவ்வாமை உள்ளவரின் தோலில் உள்ள கலங்கள் ஏற்கெனவே பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) என்ற எதிர்ப்புப் புரதங்களை ஏந்திக்கொண்டு காத்திருக்கும். நஞ்சு பட்டதும் சில நிமிடத்தில் வெடித்துவிடும். யாரும் எங்கிருந்தும் வரவேண்டியதில்லை.

இதைக் கலங்கள்தான் செய்கின்றன, பிறபொருளெதிரிகள் அல்ல என்று எப்படித் தெரியும்?

மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் பரிசோதனை இது. 1940களில் அமெரிக்காவில் மெரில் சேஸ் என்பவர் ரியூபர்குலினுக்குத் தடிக்கும் கினிப் பன்றிகளின் குருதித் தெளியத்தை, அதாவது குருதி உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த திரவத்தை, எடுத்து, காசநோயே காணாத கினிப் பன்றிகளுக்கு ஏற்றினார். பிறபொருளெதிரிகள் எல்லாம் இருப்பது அந்தத் தெளியத்தில்தான். ஒன்றும் நடக்கவில்லை. தெளியத்துக்குப் பதிலாக உயிருள்ள வெண்குழியங்களை மாற்றிப் பார்த்தார். புதிய விலங்கும் தடித்தது. நோயைக் காணாத உடம்புக்கு அதன் ஞாபகம் கலங்களோடு இடம்மாறிப் போயிருந்தது. நிர்ப்பீடனத்தில், அதாவது உடம்பின் நோயெதிர்ப்பில், குருதித் தெளியத்தின் பங்கு ஒன்று, கலங்களின் பங்கு ஒன்று என்று பிரித்துப் பேச இப்படியான வேலைகள்தான் வழி திறந்தன. இன்று பாடப்புத்தகத்தில் நான்காம் வகை மிகையுணர்திறன், தாமதித்த வகை என்று ஒரு வரியில் வருவதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

கை நன்றாகச் சிவந்திருக்கிறது. சிவப்பை ஏன் அளப்பதில்லை?

சிவப்பு, குருதிக்கலன்கள் விரிந்ததன் அடையாளம் மட்டும். ஊசிமுனை பட்டதற்கே சிவக்கலாம். கலங்கள் வந்து குவிந்ததைக் காட்டுவது தடிப்பு. அது கண்ணால் பார்க்கிறதல்ல, விரலால் தடவி அறிகிறது.

எங்கள் கிளினிக்கில் மிஸி (தாதி) ஒருவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மகளின் கையை லேசாக மடித்து மேசையில் வைத்தார். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரல் நுனியால் இரண்டு தடவை தடவினார். அப்புறம் ஒரு போல்பொயின்ற் பேனையைத் தடிப்புக்கு வெளியிலிருந்து உள்நோக்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தார். பேனை முனை தட்டி நின்ற இடத்தில் ஒரு கோடு. மற்றப் பக்கத்திலிருந்தும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் இடையில், கையின் குறுக்காக, கண்ணாடி மாதிரியான சின்ன அடிமட்டத்தை வைத்துப் பார்த்து எண்ணை எழுதினார். சிவப்பு அந்தக் கோடுகளைத் தாண்டி இன்னும் எவ்வளவோ பரந்து கிடந்தது. அதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு வேறோர் இடத்தில் சிவப்பையும் சேர்த்து அளந்து, அந்தக் குடும்பம் ஒரு கிழமை நித்திரையில்லாமல் கிடந்தது. திரும்ப அளந்தபோது தடிப்பென்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் உங்கள் பிள்ளையின் கையை விரலால் தடவிப் பார்த்தார்களா என்று கவனியுங்கள். தடவாவிட்டால் பணிவாகக் கேளுங்கள், அதில் பிழை ஒன்றும் இல்லை.

எத்தனை மில்லிமீற்றர் என்றால் தொற்று?

ஒரே எண் எல்லோருக்கும் பொருந்தாது. பொதுவாக 10 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் நேர் என்று எடுப்பார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களில், கூப்பிட்டாலும் வருவதற்குக் கலங்கள் குறைவு என்பதால், 5 மில்லிமீற்றரே போதும். தொற்றுக்கான வாய்ப்பே இல்லாதவர்களில் 15 வரை போனால்தான் சில நாடுகள் கணக்கெடுக்கின்றன. கிளினிக் கொப்பியில் "நேர்", "எதிர்" என்று மட்டும் எழுதாமல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். தடிப்பே இல்லாவிட்டாலும் 0 என்று எழுதவேண்டும். பிறகு பார்க்கிற டொக்டருக்கு அந்த எண்தான் உதவும்.

தடிப்பு பெரிதென்றால் நோய் பெரிது என்று நினைக்கவேண்டாம். 22 மில்லிமீற்றர் தடித்தவர் நல்ல சுகமாக இருக்கலாம்.

பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டதுதானே? அதனால் தடிக்காதா?

தடிக்கலாம். இலங்கையில் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருமுன்பே காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டுவிடுகிறார்கள், தோளில் உள்ள தழும்பு அதுதான். அந்தத் தடுப்பூசியில் உள்ள பி.சி.ஜி. பற்றீரியா காசநோய்ப் பற்றீரியாவின் நெருங்கிய உறவு. இரண்டுக்கும் பொதுவான புரதங்கள் பல உண்டு, ரியூபர்குலினிலும் அவை இருக்கின்றன. ஆனால் கைக்குழந்தையில் போட்ட பி.சி.ஜி.யின் இந்த விளைவு வருடம் போகப் போக மங்கிவிடும். பத்து வயது தாண்டிய ஒருவருக்குப் பெரிதாகத் தடித்தால், "அது பி.சி.ஜி.யால் வந்தது" என்று சொல்லி விட்டுவிடக்கூடாது, அதுவும் வீட்டில் ஒரு நோயாளி இருந்திருந்தால். இந்தப் பிழையை நம் ஆட்கள் அடிக்கடி விடுகிறார்கள்.

ஒன்றும் தடிக்கவில்லை. அப்போ நிம்மதியாக இருக்கலாமா?

பெரும்பாலும் இருக்கலாம், எப்போதும் அல்ல. காசநோய் நோயாகவே வெளிப்பட்டவர்களிலேயே நூற்றுக்கு 10 முதல் 25 பேர் வரை தடிக்காமல் போவதுண்டு. யானைக் கதையில் சொன்னால், ஊர் முழுக்கக் காய்ச்சலில் கிடக்கும்போது வரம்புக்கு யார் வருவது?

எச்.ஐ.வி. நேரடியாகத் தாக்குவது இந்தப் பதிலை நடத்தும் ரி நிணநீர்க்குழியங்களைத்தான். ஊட்டக்குறைவான பிள்ளைகள், சிறுநீரகம் பழுதானவர்கள், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசைகளை நாட்கணக்கில் எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர்கள், வயது முதிர்ந்தவர்கள், உடம்பெங்கும் பரவிய காசநோய் உள்ளவர்கள் ஆகியோரிலும் கூட்டம் சேராமல் போகலாம். சின்னமுத்து, கொப்பளிப்பான் வந்து போன கையோடும் அப்படித்தான். சின்னமுத்துக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பதிலை அமத்தும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் போடுவார்கள், அல்லது தடுப்பூசி போட்டு 4 முதல் 6 கிழமை கழித்து மான்டூவைப் போடுவார்கள். மிட்வைப் தந்த பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொன்று, தொற்று வந்த மறுநாளே ஞாபகக் கலங்கள் உருவாகிவிடுவதில்லை. 2 முதல் 8 கிழமை எடுக்கும். நோயாளியோடு நேற்றுவரை ஒரே அறையில் படுத்த பிள்ளைக்கு இன்று தடிக்காவிட்டால், அந்த இடைவெளி கழித்துத் திரும்பக் கூப்பிடுவார்கள். "போன தடவை ஒன்றுமில்லையே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

தடித்திருக்கிறது. எனக்குக் காசநோயா? மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது.

ஒரு தாய் இதைக் கேட்டபோது அவருடைய குரல் தழுதழுத்தது. மகளின் கையில் 16 மில்லிமீற்றர். "மறுகா ஆர் எடுப்பான் இவள?" என்றார்.

பி.சி.ஜி.யை ஒதுக்கிவிட்டால், தடிப்பு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உடம்பு அந்தப் பற்றீரியாவை எப்போதோ சந்தித்திருக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அப்படிச் சந்தித்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். மற்றவர்களில் நிர்ப்பீடனக் கலங்கள் பற்றீரியாவைச் சுற்றிக் கோட்டை கட்டி அடக்கி வைத்திருக்கும். அப்படி உறங்கும் தொற்று உள்ளவர் இருமினாலும் தும்மினாலும் பற்றீரியா வெளியே வராது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும், ஒரே பாயில் படுத்தாலும் தொற்றாது.

நோய் இருக்கிறதா என்பதை மார்பு எக்ஸ்ரேயும், தேவையென்றால் சளிப் பரிசோதனையும், இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு பற்றிய விசாரிப்பும் சேர்ந்துதான் சொல்லும். அவை சரியாக இருந்தால், உறங்குவது விழிக்காமல் இருக்கத் தடுப்பு மருந்து கொடுப்பதா என்று டொக்டர் முடிவு செய்வார். நோயே இருந்தாலும் வழக்கமான சிகிச்சை 6 மாதம். நம் நாட்டில் அது அரச கிளினிக்குகளில் இலவசம். ஒழுங்காகக் குடித்தால் சுகமாகிவிடும். ஒரு பெண்ணின் கையில் எழும்பிய தடிப்பைக் குற்றம் மாதிரிக் கதைப்பது அநியாயம். அவளுடைய உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதற்கான அத்தாட்சி அது.

மூட்டுவாதத்துக்குப் புது ஊசி தொடங்கமுன் மான்டூ போடச் சொன்னார்கள். ஏன்?

அந்தப் புது ஊசிகளில் சில, ரி.என்.எப். என்ற செய்திப் பொருளை அடக்குகிறவை. மூட்டில் வீக்கத்தை உண்டாக்குவதும் அதுதான், காசநோய்ப் பற்றீரியாவைச் சுற்றியுள்ள கோட்டையைக் கலையாமல் வைத்திருப்பதும் அதுதான். ஊசி அதை அடக்கினால் மூட்டு வலி குறையும், கூடவே கோட்டையும் தளரும். உள்ளே ஏதும் உறங்குகிறதா என்று முன்கூட்டியே பார்க்கத்தான் இந்தப் பரிசோதனை.

குளிக்கலாமா? ஏதும் பூசலாமா?

குளிக்கலாம். சொறியவேண்டாம், தேய்க்கவேண்டாம், பிளாஸ்டர் ஒட்டவேண்டாம். மஞ்சள், எண்ணெய், சித்தாலேப்ப ஒன்றும் பூசவேண்டாம். சிலருக்கு நடுவில் கொப்புளம் வரலாம். அதை உடைக்காமல் குளிர்ந்த ஈரத்துணியை வைத்தால் கடி குறையும். அந்தக் கொப்புளத்தையும் வாசிக்கும் நாளில் காட்டுங்கள்.

மூன்றாம் நாள் போக முடியவில்லை. நாலாம் ஐந்தாம் நாள் போனால் சரியா?

இந்தப் பரிசோதனையின் பெரிய பலவீனம் இரண்டு தடவை போகவேண்டியிருப்பதுதான். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரை ஆட்களுக்குப் பயணம் லேசானது. ஆனாலும் கூலி வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் சம்பளம் போவது பெரிய விஷயம். அதனால் ஊசி போடும் நாளைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். வியாழக்கிழமை போட்டால் வாசிக்கும் நாள் சனி, ஞாயிறில் விழும். போயா நாளும் இடையில் வரலாம். திங்கள், செவ்வாய் நல்லது.

72 மணித்தியாலம் தாண்டிப் போனாலும் போகாமல் விடாதீர்கள். அப்போதும் நன்றாகத் தடித்திருந்தால் அது கணக்கில் வரும். தடிப்பு இல்லாவிட்டால்தான் சிக்கல், இருந்து மறைந்ததா, இருக்கவே இல்லையா என்று சொல்லமுடியாது. திரும்பப் போடவேண்டும்.

குருதியில் பார்க்கும் புதிய பரிசோதனை இருக்கிறதாமே?

இருக்கிறது. தோலில் நடப்பதையே குழாய்க்குள் நடத்திப் பார்ப்பது அது. குருதியை எடுத்து, அதில் காசநோய்ப் பற்றீரியாவின் இரண்டு புரதங்களின் துண்டுகளைச் சேர்த்து, ரி நிணநீர்க்குழியங்கள் இன்டர்பெரோன் காமா சுரக்கின்றனவா என்று அளப்பார்கள். அந்த இரண்டு புரதங்களும் பி.சி.ஜி. பற்றீரியாவில் இல்லை என்பதால் தடுப்பூசியால் குழப்பம் வராது. ஒரு தடவை போனால் போதும், ஆனால் செலவு கூட. அதே புரதங்களைத் தோலில் போடும் புதிய ஊசிகளும் வந்துவிட்டன, 2022 இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றை ஏற்றுக்கொண்டது. எந்த முறையும் உறங்கும் தொற்றையும் நோயையும் பிரித்துச் சொல்லாது. அதற்கு எக்ஸ்ரேயும் சளியும்தான்.

ஒரு தடவை தடித்தவர் திரும்பத் திரும்பப் போடவேண்டுமா?

தேவையில்லை. மருந்து குடித்து முடித்தாலும் ஞாபகக் கலங்கள் இருக்கத்தான் செய்யும், திரும்பப் போட்டால் திரும்பத் தடிக்கும். "மருந்து வேலை செய்ததா" என்று இதில் பார்க்கமுடியாது. வெளிநாட்டுக்கோ, வேலைக்கோ, வேறு எதற்கோ மெடிக்கல் செய்யும்போது முன்பு தடித்த எண்ணையும் திகதியையும் காட்டுங்கள், எக்ஸ்ரேக்கு அனுப்புவார்கள்.

என் மகளுக்கு 14 மில்லிமீற்றர் தடித்திருந்தது. எக்ஸ்ரே தெளிவாக இருந்தது, இருமல் காய்ச்சல் ஒன்றும் இல்லை. தடுப்பு மருந்தாக ஐசோனியசிட் குளிசை 6 மாதம். காலையில் பள்ளிக்கூடம் வெளிக்கிடமுன் அவளே நாட்காட்டியில் புள்ளி போட்டுவிட்டுத்தான் குடிப்பாள். அடுத்த வீட்டுப் பெரியவரும் சிகிச்சை முடித்து, பின்னேரங்களில் பழையபடி திண்ணையில் வந்து இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் அவள் வீட்டுவேலை எழுதுகிறாள்.